உள்ளே அத்தனை வெளிச்சம், பனியில் பின்னால் ஒன்றுமில்லை: ஒரு காரின் விளக்குகளோடு சில வருடங்கள்

இந்தக் காரை வாங்கிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. இன்ஜின், சஸ்பென்ஷன், பிரேக் எதிலும் எனக்குப் புகார் இல்லை. நாள் முழுக்க ஓட்டினாலும் முதுகு வலிப்பதில்லை. அதையெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத நினைப்பது விளக்குகளைப் பற்றி. இரவிலும் மூடுபனியிலும் இந்தக் காரின் விளக்கு அமைப்பு என்னைத் தொடர்ந்து எரிச்சல்படுத்துகிறது, சில நேரம் பயமுறுத்தவும் செய்கிறது. ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து எழுதும் விமர்சனங்களில் இது பெரும்பாலும் வருவதில்லை. அந்த ஒரு வாரத்தில் மூடுபனி வந்திருக்காது.

முதலில் உள்ளே இருக்கும் வெளிச்சம். இதற்கு முன் வைத்திருந்த காரில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு சக்கரம் இருந்தது. விரலால் உருட்டினால் மீட்டர் வெளிச்சம் குறையும், இன்னும் உருட்டினால் ஏறக்குறைய அணைந்தே போகும். சாலையிலிருந்து கண்ணை எடுக்க வேண்டியதில்லை. இப்போது அது நடுத்திரையின் மெனுவுக்குள் போய்விட்டது. செட்டிங்ஸ், அதற்குள் டிஸ்ப்ளே, அதற்குள் பிரைட்னஸ், அங்கே ஒரு ஸ்லைடர். குலுங்கும் காரில் அந்த மெல்லிய கோட்டை விரலால் பிடித்து இழுப்பது சிரமம். கடைசி வரை இழுத்தாலும் ஓர் அளவுக்குக் கீழே வெளிச்சம் குறையாது. திரையையே அணைத்துவிடும் வசதி உண்டு, ஆனால் போனுக்கு ஏதாவது வந்தால் அது தானாக மறுபடி எரியும்.

தெருவிளக்கு இல்லாத சாலையில் இது வெறும் தொந்தரவோடு நிற்பதில்லை. கண் முழு இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும், கெட்டுப்போக ஒரு வெள்ளைத் திரையை ஒரு நொடி பார்த்தால் போதும். ஹெட்லைட் வெளிச்சத்தில் ஓட்டும்போது கண் முழுமையாக இருட்டுக்குப் பழகுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் சாலையோரம் நடக்கும் ஆளோ குறுக்கே வரும் மாடோ முதலில் படுவது பார்வையின் ஓரத்தில். அங்கே வேலை செய்பவை பெரும்பாலும் குச்சி செல்கள், அதாவது மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் விழித்திரை செல்கள். 500 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீலப்பச்சை வெளிச்சம்தான் அவற்றை அதிகம் தாக்கும், சிவப்பு அவ்வளவாகத் தாக்காது. பி.எம்.டபிள்யூ பல வருடம் ஆரஞ்சு நிற மீட்டர் வெளிச்சத்தையே வைத்திருந்தது. ஸ்வீடனின் சாப் கார் நிறுவனம் 1990களில் 'நைட் பேனல்' என்று ஒரு பட்டனே கொடுத்தது. அதை அழுத்தினால் ஸ்பீடோமீட்டர் தவிர மற்றதெல்லாம் அணைந்துவிடும், எச்சரிக்கை ஏதாவது இருந்தால் மட்டும் எரியும். இந்த யோசனையை ஏன் கைவிட்டார்கள் என்று ஒவ்வொரு இரவும் எனக்குத் தோன்றுகிறது. இப்போது எங்கே பார்த்தாலும் நீலமும் வெள்ளையும்.

போதாததற்குக் கதவில் ஓடும் அலங்கார விளக்குப் பட்டை. இருட்டியதும் அந்தப் பட்டையின் பிரதிபலிப்பு பக்கத்து ஜன்னல் கண்ணாடியில் விழுகிறது. விழும் இடம், ஓட்டுபவன் இருக்கையிலிருந்து பார்த்தால், சரியாகப் பக்கவாட்டு மிரர் இருக்கும் இடம். பின்னால் வரும் வண்டியின் விளக்கும் அந்த நீலக் கோடும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிகின்றன. இரவில் அந்த இருக்கையில் உட்கார்ந்து பார்த்தவர் யாராக இருந்தாலும் இதைக் கவனித்திருப்பார்.

அடுத்தது பெரிய விஷயம். பழைய கார்களில் லைட் போடாவிட்டால் டாஷ்போர்டு இருட்டாக இருக்கும். மீட்டர் தெரியவில்லை என்றால் வெளியே விளக்கு எரியவில்லை என்று அர்த்தம், கை தானாக ஸ்விட்சுக்குப் போகும். யாரும் திட்டமிட்டுச் செய்த எச்சரிக்கை இல்லை அது, ஆனால் எந்த எச்சரிக்கை மணியை விடவும் நன்றாக வேலை செய்தது. திரை மீட்டர் வந்த பிறகு கார் ஓடும்போதெல்லாம் டாஷ்போர்டு எரிகிறது. முன்னால் பகல் விளக்கும் எரிகிறது, அதாவது மற்றவர்களுக்குக் கார் தெரிவதற்காகப் பகலில் தானாக எரியும் விளக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 பிப்ரவரியிலிருந்து புதிய மாடல் கார்களுக்கு அது கட்டாயம். அதன் வெளிச்சம் முன் வண்டியின் பம்பரில் பட்டுத் திரும்புவதைப் பார்த்தால் ஹெட்லைட் எரிகிறது என்றே தோன்றும். ஆனால் பல கார்களில் பகல் விளக்கோடு பின்விளக்கு எரியாது. என் காரும் அப்படித்தான். முன்னால் பளிச்சென்று, பின்னால் ஒன்றுமில்லாமல் போகிறது கார்.

ஆட்டோ மோட் இருக்கிறதே என்பார்கள். மூடுபனியில் ஆட்டோ மோட் நம்மைக் கைவிட்டுவிடும். அதன் சென்சார் அளப்பது வெளிச்சத்தை மட்டும். கார் விளக்குகளுக்கான ஐ.நா.வின் 48ஆம் எண் விதிப்படி தானியங்கி விளக்கு, வெளியே வெளிச்சம் 1,000 லக்ஸுக்குக் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) கீழே போனால் கட்டாயம் எரிய வேண்டும். 7,000 லக்ஸைத் தாண்டினால் அணைய வேண்டும். காலை எட்டு மணி மூடுபனி இருட்டாக இருக்காது, பால் வெள்ளையாகக் கண்ணைக் கூச வைக்கும். சென்சாரைப் பொறுத்தவரை அது நல்ல பகல். ஐம்பது மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை என்பது அதற்குத் தெரியாது. நான் கண்கூடாகப் பார்த்தது இது: அப்படியொரு காலையில் எனக்கு முன்னால் போன வெளிர்சாம்பல் நிறக் கார், பிரேக் விளக்கு எரிந்த கணத்தில்தான் அங்கே இருப்பதே தெரிந்தது. அதுவும் புத்தம்புதுக் கார். அதை ஓட்டியவர் முன்னால் டாஷ்போர்டு முழுக்க ஜொலித்திருக்கும், எல்லாம் எரிகிறது என்றே அவர் நினைத்திருப்பார்.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. கனடாவில் 2021 செப்டம்பர் முதல் புதிய கார்களுக்கு விதியே வந்துவிட்டது. ஒன்று, பகல் விளக்கோடு பின்விளக்கும் எரிய வேண்டும். அல்லது இருட்டினால் எல்லா விளக்கும் தானாக எரிய வேண்டும். அல்லது லைட் போடும்வரை டாஷ்போர்டு இருட்டாக இருக்க வேண்டும். மூடுபனிக்கு இதில் முதல் வழிதான் உதவும், அதற்கு ஆகும் செலவும் ஒன்றுமில்லை. எல்இடி பின்விளக்கு எடுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. எல்லா நாட்டிலும் எல்லாக் காரிலும் அதைச் செய்யாமல் இருக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

சரி, நானே கையால் லைட்டைப் போட்டுவிடுகிறேன். அப்போது என்ன ஆகிறது தெரியுமா? லைட் போட்டதும் இரவு வந்துவிட்டது என்று கார் முடிவு செய்து மீட்டர் திரையை மங்கலாக்கிவிடுகிறது. வெளியே கண்கூசும் வெள்ளை, உள்ளே சாம்பல் நிறத்தில் மங்கிய எண்கள். எந்த வேகத்தில் போகிறோம் என்று கட்டாயம் தெரிய வேண்டிய நேரத்தில் ஸ்பீடோமீட்டரைப் படிக்க முடியவில்லை. படிக்க வேண்டுமென்றால் மறுபடி அந்த மெனு, அந்த ஸ்லைடர். அல்லது லைட்டை அணைக்க வேண்டும். பலர் அணைத்துவிடுகிறார்கள். சர்வீஸில் சொன்னேன். டிசைனே அப்படித்தான் என்றார்கள். பிறகு வந்த சாஃப்ட்வேர் அப்டேட்டில் கதவுப் பட்டைக்குக் கூடுதல் வண்ணங்கள் வந்தன, இது மாறவில்லை.

இனி ஃபாக் லைட். நல்ல முன் ஃபாக் லைட் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் இன்றைய கார்களில் அதற்கு நேர்ந்த கதி புரியும். மூடுபனி என்பது காற்றில் மிதக்கும் நீர்த்துளிகள். ஹை பீம் போட்டால் அந்தத் துளிகளில் பட்ட வெளிச்சம் நேரே நம் கண்ணுக்கே திரும்பி வந்து எதிரே வெள்ளைச் சுவர் எழுப்பிவிடும். ஃபாக் லைட்டைத் தாழ்வாக வைப்பதும், வெளிச்சத்தின் மேல்விளிம்பைக் கத்தியால் வெட்டியதுபோல் தட்டையாக்குவதும், இருபுறமும் அகலமாகப் பரப்புவதும் இதைத் தவிர்க்கத்தான். விதிப்படி காரில் அது தரையிலிருந்து 250 மில்லிமீட்டருக்குக் கீழோ 800 மில்லிமீட்டருக்கு மேலோ இருக்கக்கூடாது. தூரத்தைக் காட்டும் விளக்கல்ல அது. மெதுவாகப் போகும்போது சாலையின் ஓரக்கோட்டையும் பக்கத்துக் கரையையும் காட்டும், அவ்வளவுதான். மூடுபனியில் அந்த ஓரக்கோடு தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

இப்போது பல கார்களில் அந்த இடத்தில் வெறும் கறுப்பு பிளாஸ்டிக் இருக்கிறது, அல்லது பகல் விளக்கு குடியேறிவிட்டது. என் காரில் பெயருக்கு இருக்கிறது, விரலளவு எல்இடி. ஹெட்லைட்டோடு சேர்த்து எரித்தால் சாலையில் என்ன வித்தியாசம் என்று தேடித்தான் பார்க்க வேண்டும். அதுவே திருப்ப விளக்காகவும் வேலை செய்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் அந்தப் பக்கத்து விளக்கு மட்டும் எரிந்து அணையும். வளைந்து போகும் சாலையில் பனிக்குள் ஒரு பக்கம் வெள்ளையாக மின்னி மின்னி மறைவது தலையைக் கிறுகிறுக்க வைக்கிறது.

நிறத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மஞ்சள் பனியைத் துளைத்துக்கொண்டு போகும் என்பது சரியல்ல. பனித்துளி ஒளியின் அலைநீளத்தை விடப் பல மடங்கு பெரியது என்பதால் எல்லா நிறமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறும். ஆனால் நீலம் கலந்த வெள்ளை கண்ணைக் கூசச் செய்யும் அளவுக்கு மஞ்சள் செய்வதில்லை, என் கண் அதைத் தெளிவாகவே உணர்கிறது. பிரான்சில் 1936 முதல் 1993 வரை மஞ்சள் ஹெட்லைட்தான் கட்டாயமாக இருந்தது. ஃபாக் லைட்டுக்கு மஞ்சளை விதி இன்றும் அனுமதிக்கிறது. ஆனால் காரின் முகம் முழுக்க ஒரே வெள்ளையாக இருக்க வேண்டும் என்று டிசைன் செய்பவர்கள் விரும்புவதால் அது கிடைப்பதில்லை.

பின் ஃபாக் லைட்டில் ஆபத்து வேறு மாதிரி. அதன் ஒளிச்செறிவு குறைந்தது 150 கேண்டெலா, சாதாரணப் பின்விளக்கைப் போலப் பத்து மடங்குக்கு மேல். அடர்ந்த பனியில் அது உயிர் காக்கும். பனி விலகிய பிறகும் எரிந்தால் பின்னால் வருபவருக்குக் கண்ணே தெரியாது, நம் பிரேக் விளக்கும் அந்தச் சிவப்பில் மறைந்துபோகும். பிரேக் விளக்கிலிருந்து 100 மில்லிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்று விதி சொல்வது இதற்காகத்தான். ஆகவே எப்போது எரிகிறது, எப்போது அணைந்தது என்று ஓட்டுபவனுக்குச் சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும். என் காரிலோ முன், பின் இரண்டுக்கும் ஒரே தொடு பட்டன். ஒரு முறை தொட்டால் முன் ஃபாக் லைட், இன்னொரு முறை தொட்டால் பின் ஃபாக் லைட். வழவழப்பான கறுப்புப் பலகையில் மேடு பள்ளம் எதுவும் இல்லை, பக்கத்திலேயே கண்ணாடியைச் சூடாக்கும் பட்டன். விரல் தொட்டதா இல்லையா என்று பார்க்கத் தலையைக் குனிய வேண்டும். மீட்டரில் வரும் குறிகளும் இரட்டையர் மாதிரி. இரண்டிலும் ஒரு விளக்கு, குறுக்கே நெளியும் ஒரு கோடு. முன் ஃபாக் லைட்டுக்கு இடப்பக்கம் சாய்ந்த கோடுகள், பச்சை. பின் ஃபாக் லைட்டுக்கு வலப்பக்கம் நேர்க் கோடுகள், ஆம்பர் மஞ்சள். மங்கிய திரையின் மூலையில் மிளகளவில் அவற்றைப் பிரித்தறிவது கஷ்டம்.

கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பெண் தரும் ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பு 2026 முதல் இண்டிகேட்டர், ஹசார்ட், ஹார்ன், வைப்பர், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குக் கையால் இயக்கும் தனி ஸ்விட்ச் இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று சொல்லியிருக்கிறது. மிக நல்ல முடிவு. அந்தப் பட்டியலில் ஃபாக் லைட்டும் மீட்டர் வெளிச்சமும் சேர வேண்டும் என்பது என் ஆசை.

இப்போதைக்கு நான் செய்வது, லைட் ஸ்விட்சை ஆட்டோவில் விடுவதே இல்லை. காரை எடுத்ததும் டிப் லைட். அப்போதுதான் பின்விளக்கும் எரியும். மீட்டர் வெளிச்சத்தைப் புறப்படும் முன்பே பகலுக்கு ஏற்றபடி கூட்டிவிடுகிறேன். அலங்காரப் பட்டையை மொத்தமாக அணைத்தாயிற்று. அடுத்த கார் பார்க்கப் போகும்போது இருட்டிய பிறகுதான் டெஸ்ட் டிரைவ் கேட்பேன். ஆட்டோ மோடில் பகல் விளக்கு மட்டும் எரியும்போது இறங்கிப் பின்னால் போய் நின்று பார்ப்பேன். பகலில் ஒரு முறை லைட்டைப் போட்டு மீட்டரைப் படிக்க முடிகிறதா என்று பார்ப்பேன். பின் ஃபாக் லைட்டைக் கீழே பார்க்காமல் போட்டு அணைக்க முடிகிறதா என்பதையும் அங்கேயே செய்து பார்த்துவிடுவேன்.