மாரத்தான் எக்ஸ்போவில் ப்ரோபயாட்டிக் வாங்குறவங்க ஒரு நிமிஷம் நில்லுங்க

ஜனவரியில் சென்னையில் என் முதல் ஃபுல் மாரத்தான். ரேஸுக்கு ரெண்டு நாள் முன்னாடி பிப் (ரேஸ் நம்பர் அட்டை) வாங்க எக்ஸ்போவுக்குப் போன இடத்துல ஒரு சப்ளிமென்ட் ஸ்டால். "லாங் ரன்ல வயிறு கலக்குதா சார்? இன்னிக்கே ஆரம்பிங்க, ஞாயித்துக்கிழமை வயித்தை மறந்துட்டு ஓடுவீங்க"ன்னான் அந்தப் பையன். 25 கிலோமீட்டர் தாண்டினா எனக்கு வயிறு கலக்கும். சரியா அங்கேயே கை வச்சுட்டான். ப்ரோபயாட்டிக் மாத்திரை, அதாவது குடலுக்கு நல்லதுன்னு விக்கிற உயிருள்ள பாக்டீரியா, மூணு பாட்டில் காம்போ, 3,600 ரூபாய்.

மறுநாளே வயிறு உப்பிக்கிச்சு. ரேஸ்ல 28-ஆவது கிலோமீட்டர்ல கழிப்பறை வரிசையில நின்னேன். எனக்கு முன்னாடி நாலு பேர், கையில வாட்ச் பாட்டுக்கு ஓடிட்டே இருக்கு. மாத்திரைதான் காரணம்னு சத்தியம் பண்ண மாட்டேன், பதட்டம் இருந்தது, எனர்ஜி ஜெல்லும் சாப்பிட்டிருந்தேன். ஆனா புதுசா ஆரம்பிச்சா சிலருக்கு வாயு, உப்புசம் வரும்னு விக்கிறவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணுமா இல்லையா?

ரெண்டு நாள்ல பலன்ங்கறது பச்சைப் பொய். நீண்ட நேரம் ஓடும்போது ரத்தம் காலுக்குப் போயிடுது, குடலுக்குக் குறைஞ்சிடுது. கலக்கலுக்கு அது ஒரு முக்கியக் காரணம். 2007-ல வந்த பின்லாந்து ஆய்வுல 141 மாரத்தான் ஓட்டக்காரங்களைப் பிரிச்சு, ஒரு பகுதிக்கு எல்ஜிஜிங்கற ஒரே ஸ்ட்ரெய்னை (பாக்டீரியாவோட ஒரு குறிப்பிட்ட உள்வகை) மூணு மாசம் கொடுத்தாங்க. சளி, காய்ச்சல் குறையல. வயித்துக் கோளாறு வந்த தடவைகளும் குறையல. ரேஸுக்கு அப்புறம் வந்த கோளாறு மட்டும் சராசரியா 2.3 நாளுக்குப் பதிலா 1 நாள்ல சரியாச்சு. மூணு மாசத்துக்கு அவ்வளவுதான். அதுவும் அந்த ஸ்ட்ரெய்னுக்கு.

என் பாட்டில்ல ஸ்ட்ரெய்ன் பேரே கிடையாது. "லாக்டோபேசில்லஸ் கலவை, 50 பில்லியன்"னு பாக்டீரியா எண்ணிக்கை கொட்டை எழுத்துல. கீழே பொடி எழுத்துல "தயாரிக்கும்போது". லாக்டோபேசில்லஸ் சூட்டுல சாகிற கிருமி, காலாவதி தேதியில எத்தனை உயிரோட இருக்குங்கறதுதான் கணக்கு. பேசில்லஸ் கோயாகுலன்ஸ் மாதிரி ஸ்போர் வகைன்னா, அதாவது கெட்டி ஓட்டுக்குள்ள தூங்குற கிருமின்னா, சூட்டைத் தாங்கும், இது அது இல்ல. ஸ்டால்ல பாட்டில்களை அடுக்கியிருந்ததோ நேரா விளக்குக்கு அடியில. எங்க அம்மா உறை ஊத்தற பாலுக்குக்கூட சூடு பார்ப்பாங்க!

எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் 14 இலக்கம் இருக்கணும். விரல் வச்சு எண்ணினேன், 13. தயாரிப்பு தேதி ஸ்டிக்கரோட ஒரு மூலை தூக்கிட்டு இருந்தது. நகத்தால சுரண்டினா, அடியில இன்னொரு தேதி, ஒன்றரை வருஷம் பழசு.

ஸ்டால்காரங்களுக்கு ஃபோன் பண்ணினேன். "சீல் உடைச்சா ரிட்டர்ன் இல்ல சார்." உடைக்காத ரெண்டு பாட்டில் இருக்கேன்னேன். "காம்போவைப் பிரிக்க முடியாது சார்."

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் பதிஞ்சிருக்கேன். அந்த ரெண்டு பாட்டிலும் அலமாரியில பத்திரமா இருக்கு. அதுல ஸ்டிக்கரை நான் தொடவே இல்ல.