ஈயக் கண்ணாடி வகுப்பில் 18,500 ரூபாய் போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கோர்வையாக இருக்காது.

சாந்தோம் பேராலயத்து வண்ணக் கண்ணாடிகளைப் பார்த்த நாளிலிருந்து, ஈயப் பட்டையில் கண்ணாடித் துண்டுகளைக் கோத்து ஒரு சின்னப் பேனலாவது செய்துவிட ஆசை. கைவினை வகுப்புகள் விற்கும் ஓர் இணையதளத்தில் 12 வீடியோ பாடம், கூடவே முழு கிட், 18,500 ரூபாய். யோசித்தேன். ஆசிரியர் வீடியோ காலில் வந்து, தான் செய்த பேனலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து விரலால் தட்டினார். ஒரு துண்டுகூட ஆடவில்லை. "புட்டி சரியா ஏறினா இப்படித்தாம்மா நிக்கும்" என்றார்; பட்டைக்கும் கண்ணாடிக்கும் நடுவே அடைக்கும் பசையைச் சொன்னார். அந்தத் தட்டலில் விழுந்தேன். அன்று ராத்திரியே மொத்தப் பணமும் அனுப்பியாயிற்று.

வந்தது சாதாரண ஜன்னல் கண்ணாடி, ஒரு பக்கம் பெயின்ட். கட்டர் ஓட்டினால் ஓரமெல்லாம் செதில் செதிலாக உரிகிறது. மூட்டில் உருக்கி ஒட்டும் உலோகமான சால்டர், ரேடியோ ரிப்பேருக்கு வாங்கும் மெல்லிய கம்பி. சால்டரிங் அயர்னில் சூட்டைக் குறைக்க வழியே இல்லை. மூட்டில் வைத்ததும் பட்டையே உருகி ஓட்டை. 60/40 சால்டர் (வெள்ளீயம் 60, காரீயம் 40 கலந்தது) 190 டிகிரி வாக்கில் இளகும், பட்டையின் ஈயம் 327இல் உருகிவிடும், அந்த இடைவெளியில்தான் வேலையே என்பதை நானாகத் தேடிப் படித்தேன். பாடங்கள் ஐந்தோடு நின்றுவிட்டன. சால்டரிங், புட்டி இரண்டுமே வரவில்லை.

கேட்டால் முதலில் "கை பழகணும்மா". அப்புறம் "சார் வெளியூர்ல". அப்புறம் "பார்சலைப் பிரிச்சிட்டீங்களே, ரீஃபண்ட் கிடையாது". பிரிக்காமல் எப்படி ஐயா பார்ப்பது? 18,500 ரூபாய்!

இதைவிட எரிச்சல் ஒன்று. சாப்பாட்டு மேஜையில், நாலு வயது மகள் பக்கத்தில் நிற்க, மூன்று நாள் இந்த வேலை செய்திருக்கிறேன். ஈயம் விஷம் என்று ஒரு பாடத்திலும் ஒரு வார்த்தை இல்லை. சண்டை போட்டதற்கு, "வீட்ல ஈயச் சொம்புல ரசம் வைக்கிறதில்லையாம்மா?" என்கிறார். ரசச் சொம்பு வெள்ளீயம், அதாவது டின். இது காரீயம், லெட். அதுகூடத் தெரியாதவரா எனக்கு வாத்தியார்? குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்திருக்கிறார் டாக்டர்.

விவரமாக யோசனை சொல்லத்தான் ஆரம்பித்தேன், பொறுமை இல்லை. மொத்தப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். கடைசிப் பாடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். குழந்தை நடமாடும் இடத்தில் காரீயம் வேண்டாம், கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் வாயில் வைக்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நான் புகார் பதிந்துவிட்டேன்.

இன்று காலை என் போனிலேயே விளம்பரம் வருகிறது. அதே ஜன்னல், அதே விரல் தட்டல், அதே 18,500.