ஒரே வீடு, இரண்டு ரவுட்டர்: இரண்டரை வருட அனுபவம்

மதுரை மேல மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. தாத்தா கட்டியது. ஒன்றரை அடி கனத்துக்குச் செங்கல் சுவர், மேலே சுண்ணாம்புக் காரை. அகலம் குறைவு, நீளம் அதிகம். ஃபைபர் ரவுட்டர் வாசல் பக்கம் இருப்பதால், மாடியில் நான் வேலை பார்க்கும் பின்னறைக்கு வைஃபை வந்து சேராது. வேகமான, ஆனால் சுவரைத் தாண்டத் திணறும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சுத்தமாகக் கிடையாது.

முதலில் எக்ஸ்டெண்டர் (வைஃபையை வாங்கித் தள்ளி அனுப்பும் கருவி) வாங்கினேன். ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் வகை என்பதால் வேகம் பாதியானது. சிக்னல் உள்ள இடத்தில் வைத்தால் மாடிக்கு எட்டாது, மாடியில் வைத்தால் அதற்கே சிக்னல் இல்லை. மூன்று மாதத்தில் கழற்றிவிட்டேன்.

அப்புறம்தான் பரணில் கிடந்த பழைய கிகாபிட் (1000 எம்பிபிஎஸ் வரை தாங்கும்) ரவுட்டர் நினைவுக்கு வந்தது. டவுன் ஹால் ரோட்டில் 30 மீட்டர் கேட் 6 நெட்வொர்க் கேபிள் வாங்கி, படிக்கட்டு ஓரமாக பைப்புக்குள் இழுத்தோம். கேபிளைப் பழைய ரவுட்டரின் வேன் (WAN, வெளியிலிருந்து நெட் வரும்) போர்ட்டில் செருகியதும் நெட் வந்தது. ஆனால் மாடி தனி நெட்வொர்க் ஆகிவிட்டது. கீழே இருந்து மாடியில் உள்ள பிரிண்டருக்குப் பிரிண்ட் கொடுக்க முடியவில்லை. சரி என்று லேன் (LAN, வீட்டுக் கருவிகளைச் செருகும்) போர்ட்டுக்கு மாற்றினேன். இப்போது இரண்டு ரவுட்டரும் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள எண்) கொடுக்க ஆரம்பித்தன. சில போனில் நெட் வரும், சிலதில் வராது. இரண்டாவதில் முகவரி கொடுக்கும் வசதியான டிஹெச்சிபியை அணைத்து, அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றியதும் எல்லாம் அடங்கியது. முதன்மை ரவுட்டர் 192.168.1.1. உங்கள் ரவுட்டரில் ஆக்சஸ் பாயின்ட் மோட் (முகவரி கொடுக்காமல் வைஃபை மட்டும் தரும் நிலை) இருந்தால் இந்த வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். அதிக தூரம் எட்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கீழே சேனல் 1, மேலே 11. ஒன்றின் சிக்னல் மேல் இன்னொன்று ஏறாது.

எங்கள் இணைப்பு 200 எம்பிபிஎஸ். மாடியில் மட்டும் 94ஐத் தாண்டவில்லை. ஒரு வாரம் செட்டிங்கையே மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் கேபிள் முனையில் உள்ள கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், பழுப்புக் கம்பி முனை வரை போகாமல் அரை மில்லிமீட்டர் பின்தங்கி நின்றது. கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் சேர வேண்டும். நான்கு சேர்ந்தால் 100தான். முனையை வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்ததும் (புது கனெக்டரை அழுத்திப் பொருத்தியதும்) 190க்கு மேல் வந்தது. அன்றிலிருந்து கேபிளைத் தொடவில்லை.

பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளுக்காகக் கீழே மினி யுபிஎஸ் (கரண்ட் போனாலும் ரவுட்டரை ஓட்டும் சின்ன பேட்டரி) வைத்திருந்தேன். மாடி ரவுட்டருக்கும் ஒன்று வேண்டும் என்பது அப்படியொரு நாளில்தான் உறைத்தது. இரண்டுக்கும் வாங்கிவிடுங்கள்.

இரண்டிலும் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் ஒன்றுதான். ஆனாலும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்போது மாறுவது என்பதைப் போன்தான் முடிவு செய்கிறது. பேசிக்கொண்டே ஏறினால் இரண்டு நொடி அறுந்து சேரும். கீழே 2.4இன் பவரைக் குறைத்த பிறகு பரவாயில்லை, முழுதாகப் போகவில்லை. தங்கையோடு வீடியோ காலில் இருக்கும்போது அம்மா முதல் படியிலேயே நின்று, "இருடி, படி ஏறுறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறுகிறார்.