பெங்களூரு ஏர்போர்ட்டில் டிஜியாத்ரா: இனிஷியல் பெயர்க்காரர்கள் கவனிக்க வேண்டியவை

சென்னைக்கோ கோவைக்கோ அதிகாலை விமானம் பிடிக்கிறவர்களுக்கு, முகத்தையே அடையாளமாக வைத்து விமான நிலையத்துக்குள் விடும் டிஜியாத்ரா செயலி உண்மையிலேயே உதவுகிறது. 2022 டிசம்பர் 1 அன்று டெல்லி, வாரணாசியோடு பெங்களூரு கெம்பேகௌடா விமான நிலையத்திலும் தொடங்கிய சேவை இது. உள்நாட்டுப் பயணத்துக்கு மட்டும். நேரம் மிச்சமாவது முக்கியமாக முனைய வாசல் வரிசையில்தான். பையை எக்ஸ்ரேயில் வைப்பது, உடல் சோதனை எல்லாம் எல்லோருக்கும் ஒன்றே. பெட்டி போட வேண்டுமென்றால் கவுண்டரிலும் நிற்கத்தான் வேண்டும்.

பதிவை முந்தைய நாளே வீட்டில் முடித்துவிடுங்கள். மொபைலுக்கு ஓடிபி, டிஜிலாக்கர் வழியே ஆதார், பிறகு செல்ஃபி. ஆதாரில் இணைத்த சிம் கையில் இல்லையென்றால் அதோடு நின்றுவிடும். 2024-க்கு முன் போட்ட பழைய செயலி உதவாது, நீக்கிவிட்டுப் புதியதை இறக்குங்கள். வெப் செக்-இன் செய்து போர்டிங் பாஸை ஏற்றியதும் அதை விமான நிலையத்துடன் பகிர வேண்டும். ஏற்றியதோடு விட்டுவிட்டு, வாசலில் கதவு திறக்காமல் நிற்பவர்கள் நிறைய.

நம்மவர்கள் மாட்டிக்கொள்வது பெயரில். ஆதாரில் ‘எஸ் முருகன்’ என்று இருக்கும். டிக்கெட் படிவம் குடும்பப் பெயர் கேட்கும். அப்பா பெயரைப் போட்டு ‘முருகன் சுப்பிரமணியன்’ ஆக்கிவிடுவோம். இரண்டும் பொருந்தவில்லை என்று செயலி தள்ளிவிடும். முதல் பெயராக முருகன், குடும்பப் பெயராக எஸ் என்று டிக்கெட் எடுத்துப் பாருங்கள். படிவம் ஒற்றை எழுத்தை ஏற்காவிட்டால், ஆதாரில் இனிஷியலை விரித்து எழுதுவதே நிலையான வழி. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்த முடியும், எழுத்துக்கூட்டலைப் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுவிட்டுக் கொடுங்கள்.

டிஜியாத்ரா கட்டாயம் இல்லை. வாசலில் யாராவது கேமராவைப் பார்க்கச் சொன்னால் “வேண்டாம்” என்று சொல்லி, அடையாள அட்டையைக் காட்டிச் சாதாரண வரிசையில் போகலாம். கேட்காமலேயே முகம் எடுத்ததாகப் பயணிகள் புகார் சொன்னது செய்திகளிலும் வந்தது.

எனக்கு உறுத்துவது முகத்தரவு. அது போனிலேயே இருக்கும், விமானம் புறப்பட்ட 24 மணி நேரத்தில் நிலையத்திலிருந்து அழியும் என்கிறார்கள். ஆனால் டிஜியாத்ரா கொள்கை ஆவணமே, பாதுகாப்புத் தேவைக்காக அழிக்கும் கால அளவை மாற்றவும், பாதுகாப்பு அமைப்புகளுக்குத் தரவைத் தரவும் இடம் வைத்திருக்கிறது. நடத்துவது விமான நிலையங்கள் பங்குதாரர்களாக உள்ள ஒரு லாபநோக்கற்ற கம்பெனி. முக அடையாளத்தைப் போலீஸ் எங்கே, எப்படிப் பயன்படுத்தலாம் என்று வரையறுக்கும் தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. 80 சதவீதம் ஒத்துப்போனாலே பொருத்தம் என்று எடுத்துக்கொள்வதாக டெல்லி போலீஸ் 2022-ல் ஆர்டிஐ பதிலில் சொன்னது.

அமெரிக்காவில் மெய்ன் மாநிலம் 2021-ல் போட்ட சட்டத்தைப் பாருங்கள்: அரசுத் துறைகள் முக அடையாளத்தைப் பயன்படுத்தப் பொதுத் தடை, கடுமையான குற்றத்தில், சந்தேகத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் மட்டும் போலீஸ் தேடித் தரும்படி கேட்கலாம், முகம் பொருந்தியது என்பதை மட்டும் வைத்துக் கைது செய்ய முடியாது. வாஷிங்டன் மாநிலத்தின் 2020 சட்டம், தொடர் கண்காணிப்புக்குப் பொதுவாக வாரண்ட் கேட்கிறது. 2020-ல் டெட்ராய்ட் போலீஸார் தவறான முகப் பொருத்தத்தை நம்பி ஒருவரை அவர் வீட்டு வாசலிலேயே கைது செய்தார்கள். இந்தக் கட்டுப்பாடுகள் ஏன் தேவை என்பதற்கு அந்த ஒரு சம்பவம் போதும். கர்நாடகமும் தமிழ்நாடும் இப்படிச் சட்டம் ஒன்றைக் கொண்டுவர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

மாதம் நாலு முறை பறப்பவர், பெயர் சரியாகப் பொருந்துபவர் டிஜியாத்ராவை வைத்துக்கொள்ளலாம். வருஷத்துக்கு ஒரு முறை பொங்கலுக்கு ஊர் போகிறவருக்கு அவசியமில்லை, அரை மணி முன்னால் கிளம்பினால் போதும்.