வீட்டில் கட்டிய காரில் பிரேக் ஆயில் எச்சரிக்கை விளக்கு: பல வருட ஓட்டத்துக்குப் பிறகு

லோட்டஸ் செவன் என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் சாயலில், சதுர இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து, ஒரு பழைய ஃபோர்டு சியராவைப் பிரித்து அதன் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் போட்டுக் கட்டிய சின்ன இரண்டு சீட்டு கார் என்னுடையது. இங்கே பிரிட்டனில் இந்த வகைக்கு லோகாஸ்ட் என்று பெயர். வீட்டு கராஜில் கட்டி, இப்படித் தனியாகக் கட்டிய கார்களைச் சாலையில் அனுமதிக்கும் ஐவிஏ சோதனை முடித்து, நம்பர் வாங்கி, பல குளிர்காலங்கள் ஓட்டியாயிற்று. எஞ்சினைப் பற்றியும் சஸ்பென்ஷனைப் பற்றியும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். டேஷ்போர்டில் இருக்கும் ஒரே ஒரு சிவப்பு விளக்கைப் பற்றி யாரும் பொறுமையாக எழுதுவதில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

முதலில் இது எதற்கு என்று பார்க்கலாம். என் காரில் முன் சக்கரங்களுக்கு ஒரு மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் ஆயிலை அழுத்தி பிரேக்குக்கு அனுப்புவது), பின் சக்கரங்களுக்கு ஒன்று, நடுவில் அழுத்தத்தைப் பங்கு போடும் பயஸ் பார். ஆக, ஆயில் டப்பாவும் இரண்டு. ஒரு பக்கம் ஒழுகினால் மறு பக்கம் வண்டியை நிறுத்தும், ஆனால் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கிய பிறகுதான் அது நமக்கே தெரியும். கிளிப் கழற்றி பானட்டைத் தூக்கினால்தான் டப்பா கண்ணில் படும், அதைத் தினமும் யாரும் செய்யப்போவதில்லை. ஆயில் குறையும்போதே சொல்லிவிடும் ஒரு விளக்கு வேண்டும்.

சட்டமும் கேட்கிறது. 2009-ல் பழைய எஸ்விஏ சோதனைக்குப் பதிலாக வந்த ஐவிஏ, சீட்டில் உட்கார்ந்தபடியே தெரிகிற சிவப்பு விளக்கு வேண்டும் என்கிறது, அந்த விளக்கு எரிகிறதா என்று ஓட்டுநர் அங்கிருந்தே சுலபமாகச் சோதிக்க வழி வேண்டும் என்றும் சொல்கிறது. இந்த இரண்டாவது நிபந்தனையைப் பலர் சோதனை நாளுக்காக மட்டும் செய்து முடித்துவிடுகிறார்கள். இத்தனை வருடம் ஓட்டிய பிறகு எனக்குத் தோன்றுவது, அதுதான் முழு வேலையே. அணைந்திருக்கும் விளக்கைப் பார்த்து எல்லாம் சரி என்று நம்ப வேண்டுமென்றால், வேண்டிய நேரத்தில் அது எரியும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

சர்க்யூட் எளிமையானது. சாவி போட்டால் வரும் 12 வோல்ட், ஃபியூஸ், விளக்கு, அங்கிருந்து டப்பா மூடியில் இருக்கும் ஸ்விட்ச், அப்புறம் எர்த், அதாவது பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி. மூடிக்குக் கீழே ஒரு மிதவை தொங்கும், அதில் காந்தம், பக்கத்தில் அந்தக் காந்தத்தால் இயங்கும் ரீட் ஸ்விட்ச். ஆயில் நிறைய இருந்தால் மிதவை மேலே நிற்கும், ஸ்விட்ச் திறந்திருக்கும். ஆயில் இறங்கினால் மிதவையும் இறங்கி ஸ்விட்ச் மூடிக்கொள்ளும், விளக்கு எரியும். இரண்டு மூடி என்றால் பேரலலாகத்தான் இணைக்க வேண்டும், சீரீஸில் போட்டால் இரண்டு டப்பாவும் காலியானால்தான் விளக்கு எரியும். வாங்கிய மூடியை மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் மாட்ட வேண்டாம். மிதவை தொங்கும்போது பீப் வர வேண்டும், விரலால் மிதவையை மேலே தள்ளினால் பீப் நிற்க வேண்டும். தலைகீழாக வேலை செய்யும் மூடிகளும் கடையில் கிடைக்கின்றன, அவை இந்த இணைப்புக்கு ஆகாது.

ஸ்விட்சை எர்த் பக்கம் வைப்பதில் ஒரு நன்மை உண்டு. விளக்கிலிருந்து மூடிக்குப் போகும் வயர் எங்காவது உரசி சேஸியைத் தொட்டால் விளக்கு எரிந்துவிடும், உடனே தெரிந்துவிடும். ஆனால் அதே வயர் அறுந்தால்? ஒன்றும் ஆகாது. விளக்கு எரியாது, ஆயில் எல்லாம் தரையில் கொட்டினாலும் எரியாது. வீட்டில் கட்டிய காரில் வயர் அறுவதும் கிரிம்ப் (வயர் முனையில் நசுக்கி மாட்டும் உலோகத் துண்டு) கழல்வதும் பல்பு ஃப்யூஸ் போவதைவிட அதிகம், ஏனென்றால் நம் கார்களில் அதிர்வு அதிகம், வயரிங் முழுக்க நம் கையால் செய்தது.

டேஷ்போர்டிலேயே ஒரு பட்டன் வைத்து, அழுத்தினால் விளக்கின் மறுமுனையை எர்த் செய்வதுதான் வழக்கமான சோதனை. ஐவிஏ-வுக்கு அது போதும். இன்னும் சிலர் ஒரு டையோடு (மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடுவது) போட்டு எஞ்சின் ஆயில் பிரஷர் ஸ்விட்ச்சோடு சேர்த்துவிடுகிறார்கள், டையோடின் கோடு போட்ட முனை பிரஷர் ஸ்விட்ச் பக்கம் இருந்தால், சாவி போட்டதும் எஞ்சின் ஓடும்வரை இரண்டு விளக்கும் சேர்ந்து எரியும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு முறையிலும் சோதிக்கப்படுவது பல்பு மட்டும்தான். டேஷ்போர்டிலிருந்து டப்பா வரை போகிற வயரைப் பற்றி அவை ஒன்றும் சொல்லாது.

அதனால் நான் வயரைச் சங்கிலியாக ஓட்டினேன். விளக்கிலிருந்து புறப்படும் வயர் முதலில் முன் பிரேக் டப்பாவின் கனெக்டருக்குப் போகிறது, அங்கிருந்து பின் பிரேக் டப்பாவின் கனெக்டருக்கு, அங்கிருந்து திரும்பி வந்து ஹேண்ட் பிரேக் ஸ்விட்சில் முடிகிறது. ஹேண்ட் பிரேக் ஸ்விட்சை சேஸியில் எர்த் செய்யவில்லை, அதன் இன்னொரு முனையிலிருந்து தனி வயர் போட்டு, மூடிகள் இரண்டும் எர்த் எடுக்கும் அதே வயரில், எர்த்திலிருந்து தொலைவில் இருக்கும் முனையில் சேர்த்தேன். இப்போது ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் மின்சாரம் முழுப் பாதையையும் சுற்றி வந்துதான் விளக்கை எரிக்க முடியும். பல்பு, ஃபியூஸ், போகும் வயர், திரும்பும் வயர், எர்த், எது அறுந்தாலும் விளக்கு எரியாது, காரை எடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். கூடுதலாகச் செலவானது சில மீட்டர் வயர்.

பட்டனை விட்டு ஹேண்ட் பிரேக்கைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் பழக்கம். பட்டனை முதல் மாதம் அழுத்துவோம், பிறகு மறந்துவிடுவோம். ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல் யாரும் இறங்கமாட்டார்கள், எனவே சோதனை தானாக நடக்கிறது. ஒரே விளக்குக்கு இரண்டு அர்த்தம் வந்துவிடுமே என்று கேட்கலாம். ஹேண்ட் பிரேக்கை இறக்கியும் விளக்கு அணையவில்லை என்றால் கிளம்பாதே, இது ஒன்றுதான் விதி. கம்பெனிக் கார்களிலும் இப்படித்தான் வைக்கிறார்கள்.

வயர் கனத்தைப் பற்றி ஒரு வரி: இரண்டு வாட் பல்பு 0.2 ஆம்பியர்கூட இழுக்காது, மெல்லிய உறை கொண்ட 0.5 சதுர மில்லிமீட்டர் வயரே 11 ஆம்பியர் தாங்கும், ஆனாலும் கிரிம்ப் உறுதியாகப் பிடிக்க வேண்டும் என்று 1 சதுர மில்லிமீட்டர் போட்டேன். நிறம், பழைய பிரிட்டிஷ் வழக்கப்படி கறுப்பில் வெள்ளைக் கோடு. எர்த்தை மட்டும் சேஸிக் குழாயில் ஸ்க்ரூ போட்டு எடுக்காதீர்கள். பவுடர் கோட்டிங் மின்சாரத்தைக் கடத்தாது, சுரண்டிப் போட்டால் அந்த இடத்தில் துரு பிடிக்கும். பேட்டரி நெகட்டிவுக்கு நேராகப் போகும் எர்த் போல்ட்டுக்குத் தனி வயர் இழுப்பதே நிம்மதி.

சரி, ஓட்டத்தில் என்ன நடந்தது?

ஒரு சமயம் ரவுண்டானாவில் மட்டும் விளக்கு மினுக்கியது. இங்கே வலது பக்கமாகச் சுற்றுவோம், ஆயில் டப்பாவின் இடது ஓரத்துக்கு ஒதுங்கும், மிதவை சற்றே இறங்கும், நேராக வந்ததும் அணைந்துவிடும். ஒழுகல் எங்கும் இல்லை. முன் பிரேக் பேடுகள் தேய்ந்திருந்தன. பேட் தேயத் தேய அதை அழுத்தும் காலிப்பர் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் டப்பாவிலிருந்து இறங்கும். இந்த நிலையில் ஆயிலை ஊற்றி விளக்கை அணைப்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள். புது பேட் போட பிஸ்டனை உள்ளே தள்ளும்போது அந்தக் கூடுதல் ஆயில் வழிந்து கீழே கொட்டும், டாட் 4 ரக பிரேக் ஆயில் பட்ட இடத்தில் பெயின்ட் உரிந்து வரும். மினுக்கலைத் தவிர்க்க டைமர் சர்க்யூட் போடச் சொல்வோரும் உண்டு, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த மினுக்கல் பேட் தேய்ந்த செய்தியை முன்கூட்டியே சொன்னது, அதை ஏன் அடக்க வேண்டும்?

இன்னொன்று எல்இடி சமாச்சாரம். பல்பை எடுத்துவிட்டு எல்இடி விளக்கு போட்டிருந்தேன். சாலையில் உப்புத் தூவும் குளிர்கால மழை இரவுகளில் அது மங்கலாக, இருட்டில் மட்டும் தெரிகிற அளவுக்கு எரிந்துகொண்டே இருந்தது. மூடியிலிருந்து வரும் இரண்டு வயரும் ஒரே கனெக்டரில் பக்கம் பக்கமாக இருக்கின்றன, நடுவில் உப்புத் தண்ணீர் போனால் ஓரிரு மில்லிஆம்பியர் கசியும். சாதாரண பல்புக்கு அது ஒன்றுமே இல்லை, எல்இடிக்கு அதுவே தாராளம். ரப்பர் சீல் உள்ள சூப்பர்சீல் கனெக்டருக்கு மாற்றி, வாய் கீழே பார்க்கும்படி கட்டினேன், சரியாகிவிட்டது. விளக்குக்குக் குறுக்கே 470 ஓம், 1 வாட் ரெசிஸ்டரும் ஒன்று போட்டிருக்கிறேன், சின்னக் கசிவை அது எடுத்துக்கொள்ளும்.

ஒரு மூடியின் மிதவைக்குள் ஆயில் புகுந்து அது மூழ்கியே விட்டது, டப்பா நிறைந்திருந்தும் விளக்கு அணையவில்லை. மலிவாக வாங்கிய மூடி அது. இப்படிக் கெடுவது நல்ல பக்கம் கெடுவது, குறைந்தபட்சம் பானட்டைத் தூக்கிப் பார்க்க வைத்தது. மிதவையைத் தனியாக ஒட்டிப் பழுதுபார்க்க முயல வேண்டாம், மூடியையே மாற்றிவிடுங்கள். மாற்றும்போது வயருக்குக் கொஞ்சம் தளர்வு விடுங்கள், திருகுவதற்கு முன் கனெக்டரைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் மூடியோடு வயரும் முறுக்கிக்கொண்டு சால்டர் விட்டுப்போகும்.

இந்த விளக்குக்குத் தெரியாத விஷயங்களும் உண்டு. மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் தேய்ந்து பெடல் மெல்ல மெல்ல இறங்கினால் ஆயில் வெளியே போவதில்லை, விளக்கு பேசாமல் இருக்கும். லைனில் காற்று இருந்தாலும் அப்படித்தான். ஆயில் ஈரம் உறிஞ்சியிருந்தாலும் தெரியாது. புது டாட் 4-க்குக் கொதிநிலை குறைந்தபட்சம் 230 டிகிரி, ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 மட்டுமே. மலைச்சாலையில் இறங்கும்போது அந்த வித்தியாசம் காலில் தெரியும். இதெல்லாம் பெடலைக் கவனித்தும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றியும் பார்த்துக்கொள்ள வேண்டியவை.

ஹேண்ட் பிரேக் சோதனை தொடாத ஒரே பகுதி மூடியும் அதன் மிதவையும்தான். ஆயில் மாற்றும் நாளில் அதையும் பார்த்துவிடுகிறேன். சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கி, சாவியைப் போட்டு, கனெக்டர் மாட்டியபடியே ஒரு மூடியை மட்டும் தூக்கிப் பிடிக்க வேண்டும். அதனால்தான் அந்தத் தளர்வு கொஞ்சம் தாராளமாக, ஒரு முழுத் திருகலைத் தாங்குகிற அளவுக்கு இருக்கட்டும். மிதவை தொங்கும், விளக்கு எரிய வேண்டும். கீழே ஒரு துணி கட்டாயம், சொட்டுவது பெயின்டில் விழக்கூடாது. அதை மூடிய பிறகு மற்றதைத் தூக்குங்கள். இரண்டையும் ஒன்றாகத் தூக்கினால் எந்த மூடி விளக்கை எரித்தது என்று தெரியாது.