ஒரே பெயரில் இரண்டு ஆப்ஜ்டம்ப்: ஆப்ஜெக்ட் கோப்பைப் பிரித்துப் பார்க்க எது, எப்போது?

தொகுப்பி (கம்பைலர்) உருவாக்கிய, இன்னும் முழு நிரலாக இணைக்கப்படாத ஆப்ஜெக்ட் கோப்பின் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டிய தேவை, எதிர்பார்த்ததைவிட மெதுவாக ஓடும் ஒரு சுழலுக்குக் காரணம் தேடும்போதோ, ஒரு சிம்பல் (செயற்கூறு அல்லது மாறியின் பெயர்) கிடைக்கவில்லை என்று, கோப்புகளை ஒரே நிரலாக இணைக்கும் லிங்கர் அடம்பிடிக்கும்போதோ வந்துவிடுகிறது. அப்போது பெரும்பாலோரின் கை தானாகத் தட்டும் பெயர், பைட்டுகளை மனிதர் வாசிக்கும் ஆணைகளாகப் பிரித்துக் காட்டும் ஆப்ஜ்டம்ப். அந்தப் பெயரில் இன்று இரண்டு தனித்தனி நிரல்கள் இருக்கின்றன. ஒன்று க்னூ பின்யூட்டில்ஸ் தொகுப்பில் வருவது, மற்றொன்று எல்எல்விஎம் திட்டத்தில் வருவது. லினக்ஸில் ஆப்ஜ்டம்ப் என்று தட்டினால் வழக்கமாக முதலாவது ஓடும். மேக்கில் எக்ஸ்கோடுடன் வரும் அதே பெயர் இரண்டாவதைக் குறிக்கும். ஃபிளாக்குகளில் (கட்டளையோடு தரும் விருப்பங்களில்) பெரும்பாலானவை ஒத்துப்போவதால் இரண்டும் ஒன்றே என்று நெடுநாள் நானும் எண்ணியிருந்தேன்.

அடித்தளத்திலேயே இரண்டும் வேறுபடுகின்றன. க்னூவின் ஆப்ஜ்டம்ப், பல வகைக் கோப்பு வடிவங்களை ஒரே முகத்துடன் காட்டும் பிஎஃப்டி நூலகத்தின் மேலும், ஆணைகளைப் பெயர்த்துச் சொல்லும் ஆப்கோட்ஸ் நூலகத்தின் மேலும் நிற்கிறது. எல்எல்விஎம் ஆப்ஜ்டம்ப், க்ளாங் தொகுப்பி ஆணைகளை எழுதப் பயன்படுத்தும் அதே அட்டவணைகளிலிருந்து உருவான டிகோடரைக் கொண்டு படிக்கிறது. இவ்விரண்டுக்கும் வெளியே ரீட்எல்ஃப் நிற்கிறது. அதுவும் பின்யூட்டில்ஸில்தான் வருகிறது என்றாலும் பிஎஃப்டியைத் தொடுவதில்லை. பிஎஃப்டியில் பிழை இருந்தாலும் ரீட்எல்ஃப் பாதிக்கப்படாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே அது தனியாக எழுதப்பட்டது என்று அதன் கையேடே சொல்கிறது. ஆணைகளை அது பிரித்துக் காட்டாது. லினக்ஸின் வழக்கமான நிரல் வடிவமான எல்ஃப் கோப்பின் தலைப்பு, உள்ளடக்கப் பிரிவுகளான செக்‌ஷன்கள், செக்மென்ட்கள் (நினைவகத்தில் ஏற்றப்படும் துண்டுகள்), சிம்பல்கள் ஆகியவற்றை உள்ளது உள்ளபடி சொல்லும்.

ஒரு சிறு கோப்பை எடுத்துக்கொள்வோம். மெயின் என்ற செயற்கூறு, வேறொரு கோப்பில் உள்ள ஆட் என்ற செயற்கூறை 2, 3 என்ற மதிப்புகளுடன் அழைத்து, வரும் விடையைத் திருப்பித் தருகிறது. அதை க்னூவின் தொகுப்பியான ஜிசிசியால் மேம்படுத்தல் எதுவும் இல்லாமல் எக்ஸ்86-64 இயந்திரத்துக்குத் தொகுத்து, லிங்க் செய்யாமல் நிறுத்திவிட்டு, சிறிய டி ஃபிளாக்குடன் பிரித்துப் பார்த்தால், அழைப்பு நடக்கும் இடத்தில் ஈ8 00 00 00 00 என்ற ஐந்து பைட்டுகள் தெரியும். அந்த ஆணை 14ஆவது ஆஃப்செட்டில் (தொடக்கத்திலிருந்து 14 பைட் தள்ளி) தொடங்குகிறது. அதற்கு நேரே அச்சாகும் இலக்கோ 19, பதினறும முறையில் 13. அதாவது மெயின் தனக்குள்ளேயே அடுத்த வரியை அழைப்பதாகத் திரை சொல்கிறது. கட்டுப்பாட்டு ஓட்டக் காப்பை (தாவல்கள் தவறான இடத்துக்குப் போகாமல் தடுக்கும் பாதுகாப்பை) இயல்பாகவே இயக்கி வைத்திருக்கும் தொகுப்பியானால் எல்லாம் நான்கு பைட் தள்ளி நிற்கும்; புதிர் மாறாது.

கருவி இங்கே பொய் சொல்லவில்லை. ஈ8 ஆணை, தனக்கு அடுத்த ஆணையிலிருந்து எவ்வளவு தூரம் தாவ வேண்டும் என்பதையே நான்கு பைட்டில் வைத்திருக்கிறது; லிங்கர் இன்னும் நிரப்பாததால் அந்தத் தூரம் சுழியமாக இருக்கிறது. உண்மையான இலக்கு, லிங்கர் நிரப்ப வேண்டிய இடங்களைப் பட்டியலிடும் ரீலொகேஷன் அட்டவணையில் உள்ளது. சிறிய ஆர் ஃபிளாக்கையும் சேர்த்துக் கொடுத்தால், அந்த வரிக்குக் கீழே ஆஃப்செட் 15இல் பிஎல்டி32 என்ற ரீலொகேஷன் வகையில் ஆட் கழித்தல் 4 என்ற குறிப்பு வந்து குழப்பம் தீரும். நிரப்ப வேண்டிய இடத்துக்கும் அடுத்த ஆணைக்கும் இடையே உள்ள நான்கு பைட்டைச் சரிக்கட்டவே அந்தக் கழித்தல் 4. இதை இரண்டு ஆப்ஜ்டம்பும் சரியாகவே காட்டுகின்றன. லிங்க் ஆகாத கோப்பை ஆர் இல்லாமல் படிப்பது முகவரி எழுதாத உறையைத் தபாலில் போடுவது போன்றது என்பதால், அந்த ஃபிளாக்கை இரண்டு கருவிகளும் இயல்பாகவே இயக்கியிருக்கலாம் என்ற மனக்குறை எனக்கு உண்டு.

அதே வரியில் ஒரு சின்ன வேறுபாடும் கண்ணில் படும். க்னூவின் புதிய பதிப்புகள் ஆணையைக் கால் என்று மட்டும் எழுதுகின்றன. எல்எல்விஎம் அதையே கால்க்யூ என்று எழுதுகிறது. க்னூவின் பழைய பதிப்புகளும் அப்படித்தான் எழுதின. மனிதக் கண்ணுக்கு இது பொருட்டல்ல. ஆனால் வெளியீட்டை கிரெப், ஆக் போன்ற உரை தேடும் கருவிகளில் ஊற்றி அழைப்புகளை எண்ணும் ஸ்கிரிப்ட், ஒரு கணினியில் சரியான எண்ணிக்கையையும் இன்னொன்றில் சுழியத்தையும் தந்துவிட்டு எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் முடியும். ஆணைகளை எழுத இரண்டு நடைகள் வழக்கில் உள்ளன; இயல்பாக இரண்டு கருவிகளும் ஏடி அண்ட் டி நடையில் அச்சிடுகின்றன. இன்டெல் நடை வேண்டுமானால் பெரிய எம் ஃபிளாக்குடன் இன்டெல் என்று கொடுப்பது இரண்டிலும் செல்லும். ஒரே ஒரு செயற்கூறை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் வழி பிரிகிறது. க்னூவில் டிஸ்அசெம்பிள் என்ற நீள ஃபிளாக்குக்கே சிம்பல் பெயரைக் கொடுக்கலாம். எல்எல்விஎம்மில் அதற்கு டிஸ்அசெம்பிள்-சிம்பல்ஸ் என்ற தனி ஃபிளாக் இருக்கிறது.

வேறு இயந்திரத்துக்கான கோப்பைப் படிக்கும்போது எல்எல்விஎம் தெளிவாக முந்துகிறது. லினக்ஸ் வினியோகங்களில் கிடைக்கும் க்னூ ஆப்ஜ்டம்ப் பெரும்பாலும் அந்தக் கணினியின் சொந்தக் கட்டமைப்புக்கென்று கட்டப்பட்டிருக்கும். அதனிடம் ரிஸ்க்-வி என்ற வேறொரு செயலிக் கட்டமைப்பின் கோப்பைக் கொடுத்தால் தெரியாத கட்டமைப்பு என்று கைவிரித்துவிடும். அதற்கான குறுக்குத் தொகுப்பித் தொகுதியையோ, எல்லா இலக்குகளையும் சேர்த்துக் கட்டிய பதிப்பையோ தேடிப் போக வேண்டும். எல்எல்விஎம் நிரல் ஒன்றே, கட்டும்போது சேர்க்கப்பட்ட எல்லா இலக்குகளையும் படிக்கும். இதற்கு ஒரு விலையும் உண்டு: கோப்பில் நீட்டிப்புகள் (அடிப்படை ஆணைகளுடன் கூடுதலாகச் சேரும் ஆணைத் தொகுதிகள்) பற்றிய குறிப்பு இல்லாவிட்டால், எந்த நீட்டிப்பை அனுமதிப்பது என்று நாம்தான் சொல்ல வேண்டும். ரிஸ்க்-வியின் வெக்டர் ஆணைகள் அப்படித்தான் சில நேரம் அன்நோன் என்ற வரிகளாக நிற்கின்றன.

இரண்டு தொகுப்பிப் பதிப்புகளின் வெளியீட்டை ஒப்பிடும் வேலைக்கும் நான் எல்எல்விஎம்மையே எடுக்கிறேன். மேலே ஓர் ஆணை கூடினால் கீழே உள்ள எல்லா முகவரிகளும் நகர்ந்து, வேறுபாடுகளைக் காட்டும் டிஃப் திரை முழுவதும் சிவப்பும் பச்சையுமாகிவிடும். க்னூவில் பைட்டுகளையும் முகவரிகளையும் மறைக்கும் ஃபிளாக்குகள் இருந்தாலும், தாவும் இலக்குகள் செயற்கூறின் தொடக்கத்திலிருந்து இத்தனை பைட் என்ற தூரமாகவே நிற்கும்; அந்தத் தூரமும் நகரக்கூடியது. எல்எல்விஎம்மின் சிம்பலைஸ்-ஆபரண்ட்ஸ் ஃபிளாக், அந்த இலக்குகளுக்கு எல்0, எல்1 என்று அடையாளப் பெயர் சூட்டிவிடுவதால், உண்மையில் மாறிய வரிகள் மட்டும் மேலே மிதந்து வரும். இதற்கு மாறாக, ஒரே செயற்கூறை உட்கார்ந்து வாசிக்க க்னூ இனிது. 2.34ஆம் பதிப்பில் வந்த விஷுவலைஸ்-ஜம்ப்ஸ் ஃபிளாக், தாவல் எங்கிருந்து எங்கே போகிறது என்பதை இடப்பக்கத்தில் கோடுகளாக வரைந்துவிடுகிறது. உள்ளடுக்குச் சுழல்களை அதில் கண்ணாலேயே எண்ணலாம்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு பலவீனத்தையும் சொல்ல வேண்டும். இவை செக்‌ஷனின் முதல் பைட்டில் தொடங்கி நேர்கோட்டில் படித்துக்கொண்டே போகின்றன. தரவு எது, ஆணை எது என்று ஓட்டத்தைப் பின்தொடர்ந்து பிரித்தறிவதில்லை. சிறிய டி ஆணைகள் இருக்கும் செக்‌ஷன்களோடு நின்றுகொள்ளும். பெரிய டி அகப்பட்டதையெல்லாம் ஆணையாகவே வாசிக்கும். ஹலோ என்ற ஆங்கில வாழ்த்து, நினைவகத்தில் 48 65 6சி 6சி 6எஃப் என்ற ஐந்து பைட்டுகள். பெரிய டி கொடுத்தால் 48 ஒரு ரெக்ஸ் முன்னொட்டாகவும், 65 ஒரு ஜிஎஸ் முன்னொட்டாகவும், 6சி போர்ட்டிலிருந்து பைட் வாங்கும் ஆணையாகவும், 6எஃப் போர்ட்டுக்கு அனுப்பும் ஆணையாகவும் தெரியும். சாதாரணப் பயனர் நிரல் ஏன் வன்பொருள் போர்ட்டைத் தொடுகிறது என்று ஒரு மாலை முழுவதும் நான் மண்டையைக் குடைந்துகொண்டது இந்த ஐந்து பைட்டால்தான்.

ஆர்ம் 32-பிட் கோப்புகளில் இதே சிக்கல் வேறு வடிவில் வருகிறது. எந்தப் பகுதி ஆர்ம் ஆணை, எது அதன் சுருக்க வடிவமான தம்ப் ஆணை, எது வெறும் தரவு என்பதை டாலர் குறியுடன் முறையே a, t, d எழுத்துகளைக் கொண்ட மேப்பிங் சிம்பல்கள் சொல்கின்றன. ஸ்ட்ரிப் செய்து அவற்றை நீக்கிவிட்டால் தம்ப் ஆணைகள் ஆர்ம் ஆணைகளாக வாசிக்கப்பட்டு உளறலாகும். க்னூவில் ஃபோர்ஸ்-தம்ப் என்று கட்டாயப்படுத்தலாம். எல்எல்விஎம்மில் இலக்கு இயந்திரத்தைக் குறிக்கும் ட்ரிப்பிள் ஃபிளாக்கில் தம்ப் கட்டமைப்பைத் தரலாம். தலைப்பே இல்லாத ஃபர்ம்வேர் கோப்பானால் போட்டியே இல்லை. சிறிய பியுடன் பைனரி என்றும், சிறிய எம்முடன் கட்டமைப்பின் பெயரும் கொடுத்து, பெரிய டியைச் சேர்த்தால் க்னூ நேரடியாகப் படித்துவிடும். எல்எல்விஎம்மில் அந்த வசதி இல்லை. வெற்றுக் கோப்பை முதலில் ஆப்ஜ்காப்பி என்ற வடிவமாற்றக் கருவியால் எல்ஃப் உறைக்குள் இட வேண்டும்.

செக்‌ஷன் தலைப்புகளை நீக்கிய நிரல்களில் நிலைமை தலைகீழாகிறது. கர்னல் ஒரு நிரலை நினைவகத்தில் ஏற்ற புரோகிராம் தலைப்புகளே போதும் என்பதால் அத்தகைய கோப்பு குறையின்றி ஓடும். க்னூ ஆப்ஜ்டம்ப் செக்‌ஷன்களை நம்பி வேலை செய்வதால் பொதுவாக எதையும் பிரித்துக் காட்டாது. எல்எல்விஎம்மின் புதிய பதிப்புகள் ஏற்றப்படும் செக்மென்ட்களையே செக்‌ஷன்களாகப் பாவித்துப் படிக்கின்றன. ரீட்எல்ஃப்பின் சிறிய எல் ஃபிளாக் அந்த செக்மென்ட்களின் முகவரிகளைத் தரும் என்பதால், இப்படிப்பட்ட கோப்புகளில் முதலில் அதை ஓட்டிவிட்டுத்தான் மற்றதைத் தொடுகிறேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிழைதிருத்தக் கருவியான ஜிடிபியின் டிஸ்அசெம்பிள் கட்டளையும் ஆப்கோட்ஸ் நூலகத்தையே பயன்படுத்துவதால் ஆணைகள் க்னூ ஆப்ஜ்டம்ப் காட்டுவது போலவே வரும். ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு அது ஏற்றது. விண்டோஸில் இதே வேலைக்கு டம்ப்பின் என்ற கருவி இருக்கிறது. சிம்பல்கள் அனைத்தும் போன பெரிய நிரலுக்கு, ஓட்டத்தைப் பின்தொடர்ந்து படிக்கும் கீத்ரா போன்றவையே பொருத்தம். அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை 2019இல் அதை வெளியிட்டது.

இரண்டு ஆப்ஜ்டம்பும் சேர்ந்து தோற்கும் இடம் ஒன்று உண்டு. லிங்க் நேர மேம்படுத்தலுடன் (எல்டிஓ) க்ளாங் தொகுத்த கோப்பின் பெயர் வழக்கம்போல் புள்ளி ஓ என்றுதான் முடியும். ஆனால் அதன் முதல் நான்கு பைட்டுகள் எல்ஃப்பின் 7எஃப் 45 4சி 46 ஆக இராமல் 42 43 சி0 டிஈ என்று இருக்கும். அது எல்எல்விஎம் பிட்கோட் என்ற இடைநிலை வடிவம். அதில் இயந்திர ஆணை எதுவும் இல்லை, எல்எல்விஎம்-டிஸ் கொண்டுதான் வாசிக்க வேண்டும். ஜிசிசியின் அத்தகைய கோப்பு எல்ஃப் வடிவிலேயே இருப்பதால் ஆப்ஜ்டம்ப் புகார் சொல்லாமல் திறக்கும், ஆனால் செயற்கூறுகள் ஒன்றும் தென்படா. ரீட்எல்ஃப்பின் பெரிய எஸ் ஃபிளாக்கில் எல்டிஓ என்ற பெயருடன் செக்‌ஷன்கள் வரிசையாக நின்றால் காரணம் அதுதான். ஃபேட்-எல்டிஓ-ஆப்ஜெக்ட்ஸ் ஃபிளாக்குடன் மறுபடி தொகுத்தால் ஆணைகளும் கோப்புக்குள் வந்துவிடும்.