உங்கள் ஆள் எதை இழப்பார்? ஆறு வருஷக் கூட்டுக் கதை அனுபவம்

2019 ஐப்பசி மழையில் எங்கள் பக்கம் மூன்று நாள் கரண்ட் இல்லை. போனில் மிச்சமிருந்த சார்ஜில் என் முதல் ரோல்பிளே பதிவை எழுதி அனுப்பினேன். நான் இருப்பது கோத்தகிரி. பகலில் தேயிலைத் தொழிற்சாலை ஆபீஸில் பச்சைத் தேயிலைக் கணக்கு, ராத்திரி ஒன்பதரைக்கு மேல் கதை. ஆறு வருஷமாக இதே பழக்கம். வாரத்துக்கு நாலைந்து மணி நேரம் போகும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆளுக்கு ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொள்வோம். என் பாத்திரம் சொல்வதையும் செய்வதையும் நான் ஒரு பத்தி எழுதுவேன். அடுத்தவர் தன் பாத்திரமாக இருந்து அதற்குப் பதில் எழுதுவார். இப்படியே கதை நகரும். எழுதுவதற்கு முன்னால், பாத்திரத்தை விட்டு வெளியே வந்து, 'இதை எங்கே கொண்டுபோகலாம்' என்று எங்களுக்குள் பேசிக்கொள்வதைத்தான் திட்டமிடல் என்கிறோம். இந்தப் பகிர்வு முழுக்க அதைப் பற்றித்தான். அழகாக எழுதுகிறவர்கள்கூட இந்தப் பேச்சைச் சரியாகப் பேசாமல் கதையைக் கொன்றிருக்கிறார்கள்.

முதல் வருஷம் நான் சேர்ந்த மூன்று கதைகளும் பாதியில் நின்றன. ஒன்றை மட்டும் சொல்கிறேன். என்னுடையவள் நாட்டு வைத்தியம் பார்ப்பவள். எதிரில் ஒரு வனக்காவலர். முதலில் பகை, பிறகு நட்பு என்று பேசிவைத்தோம். அவர் மனதில், கடைசியில் ஊரைக் காப்பாற்றப்போவது வனக்காவலர். என் மனதில் வைத்தியக்காரி. இதை இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. என் ஆள் மருந்து அரைத்துக்கொண்டு போனால் அவர் ஆளுக்கு அதற்குள் குணமாகியிருக்கும். அவர் ஆள் துப்பாக்கியைத் தூக்கினால் என் ஆள் அதற்குள் கதவுக்குப் பின்னால் போயிருப்பாள். ஒருநாள் 'அவள் பயந்துபோய் அவன் காலில் விழுந்தாள்' என்று என் பாத்திரத்துக்கும் சேர்த்து அவரே எழுதிவிட்டார். அடுத்தவர் பாத்திரத்தை நாமே ஆட்டிவைக்கிற இந்தக் காரியத்தை காட்மோடிங் என்பார்கள். எனக்குக் கோபம் வந்தது. நாற்பது பதிவோடு கதை நின்றது. இன்றைக்கு அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நானும் ஜெயிப்பதற்கு மட்டும்தான் திட்டம் போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திர விளையாட்டில் கதையை நடத்தவே ஒருவர் தனியாக உட்கார்ந்திருப்பார். அடி விழுந்ததா, தப்பித்தாயா என்பதைப் பகடை சொல்லிவிடும். எங்களைப் போல எழுதி விளையாடுகிற பல குழுக்களில் நடத்துகிறவரும் கிடையாது, பகடையும் கிடையாது. யார் விழுவது என்பதை நாங்களே பேசித்தான் தீர்க்க வேண்டும். பேசாவிட்டால் யாருமே விழமாட்டார்கள். யாருமே விழாத கதையில் படிக்க என்ன இருக்கிறது?

இதை எனக்குப் புரியவைத்தவர் டொராண்டோவில் இருக்கும் ஒரு யாழ்ப்பாணத் தம்பி. 2021-ல் புதுக் கதைக்காக அவரோடு உட்கார்ந்தேன். காலம் 1899, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை மலை ரயில் ஓடத் தொடங்கிய வருஷம். என் பாத்திரம் ரங்கன், காரமடைக்காரன், மலைக்கு மாட்டு வண்டியில் சரக்கு ஏற்றுகிறவன். அவருடையது அந்தோணி, ரயிலில் பிரேக்மேன். நான் ரங்கனின் பெருமைகளை வரிசையாக எழுதி அனுப்பினேன். அவரிடமிருந்து வந்தது ஒரே வரி.

"அக்கா, உங்கட ஆள் என்னத்தை இழக்கப் போறார்?"

"இழக்கிறதா? அவன் ஜெயிக்கிற மாதிரி இல்ல யோசிச்சு வெச்சிருக்கேன்."

"அது பிறகு பாப்பம். முதல்ல இழக்கிறதைச் சொல்லுங்கோ. நானும் என்ர ஆளுக்குச் சொல்லுறன்."

அன்றைக்கு ராத்திரி நான் ஒன்றும் எழுதவில்லை. மறுநாள் ஆபீஸில் எடைச் சீட்டுகளைக் கூட்டிக்கொண்டிருக்கும்போதும் அந்தக் கேள்விதான் ஓடியது. சாயங்காலம் கூகுள் டாக்ஸில் நாங்கள் இரண்டு பேரும் எழுதிய குறிப்பு இது, அப்படியே தருகிறேன்:

ரங்கன். வேண்டியது: செவலைக்கு ஒரு ஜோடி மாடு. இழப்பது: மண்டிக்காரரின் சரக்கு, கடைசியில் செவலையும்.
அந்தோணி. வேண்டியது: வேலை நிரந்தரம். இழப்பது: ரங்கன் வீட்டுத் திண்ணையில் படுக்கிற உரிமை.

செவலை என்பது ரங்கனின் மாடு. அவ்வளவுதான். கதை எங்கே முடியும் என்று ஒரு வார்த்தை இல்லை. ஆனால் இந்த நாலு வரியை வைத்து ஒன்றரை வருஷம் எழுதினோம், முந்நூறு பதிவுக்கு மேல். எதிரில் இருப்பவர் எதை விட்டுக்கொடுக்கத் தயார் என்று முன்கூட்டியே தெரிந்தால், அவர் பாத்திரத்தை அடிக்க நமக்குத் தயக்கம் இருக்காது. நம் பாத்திரம் அடிபடும்போது நமக்கும் அவமானமாக இருக்காது, நாமே கொடுத்த அடி அது.

விவரங்கள் சரியாக இருந்தால் திட்டம் தானாக நகரும் என்பதையும் இந்தக் கதையில்தான் பார்த்தேன். தம்பி தன் முதல் பதிவில், எஞ்சின் முன்னால் நின்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு மலையேறுவதாக எழுதியிருந்தார். எங்கள் குழுவில் குன்னூர்க்காரர் ஒருவர் இருக்கிறார். கல்லாறு தாண்டிப் பல்சக்கரத் தண்டவாளம் தொடங்கினால் எஞ்சின் பின்னால் நின்று தள்ளிக்கொண்டுதான் வரும் என்று அவர் எடுத்துச் சொன்னார். 12 அடி போனால் 1 அடி ஏறுகிற இடமெல்லாம் அந்தப் பாதையில் உண்டு. பெட்டிக்குப் பெட்டி முகப்பில் ஒரு பிரேக்மேன் இன்றைக்கும் கொடியோடு இருப்பார். அப்படியானால் முதல் பெட்டியின் முகப்பில் இருக்கும் அந்தோணிக்கு முன்னால் எஞ்சினே இல்லை, வெறும் பாதைதான். ஓரமாக ஒதுங்கி நிற்கும் ரங்கனின் வண்டியை ரயிலில் முதலில் பார்க்கப்போவது அவன்தான். இதை உணர்ந்ததும் தம்பி அடித்த செய்தி எனக்கு நினைவிருக்கிறது: "அக்கா, இவையள் ரெண்டு பேரும் கண்ணுக்குக் கண் பாக்கப் போகினம்." நாங்கள் திட்டமிடாத காட்சி அது. கதையிலேயே சிறந்ததும் அதுதான். அன்றிலிருந்து எந்தக் கதைக்கும் வருஷக் குறிப்பு ஒன்று தனியாக வைக்கிறோம். ஊட்டிக்கு ரயில் போனது 1908-ல்தான், அதற்கு முன் யாரும் ஊட்டி ஸ்டேஷனில் இறங்கக் கூடாது என்கிற மாதிரி.

அடுத்தது வேலி விஷயம். ரான் எட்வர்ட்ஸ் என்ற விளையாட்டு வடிவமைப்பாளர் 'கோடு, திரை' என்று ஒரு பழக்கத்தைச் சொன்னார். கோடு என்றால் அந்த விஷயம் கதைக்குள் வரவே கூடாது. திரை என்றால் நடக்கலாம், ஆனால் விவரிக்கக் கூடாது. 'கோடு' என்பதை நாங்கள் 'வேலி' என்கிறோம். ஆரம்பத்தில் எனக்கு இது சுதந்திரத்தைக் குறைக்கிற மாதிரி தோன்றியது. ரங்கன் கதையில், செவலை பள்ளத்தில் விழுந்து சாவதாக நான் நினைத்திருந்தேன். கூட எழுதும் சிங்கப்பூர் அக்கா ஒருவர், 'மாடு சாவது எனக்கு வேலி' என்றார். காரணம் கேட்கவில்லை, கேட்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். சரி, செவலையைச் சந்தையில் விற்கலாம் என்று மாற்றினோம்.

அந்தச் சந்தைக் காட்சியில் சிங்கப்பூர் அக்காதான் தரகர். மாட்டுச் சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். தரகர் எத்தனை விரலைப் பிடிக்கப்போகிறார் என்று எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும், தனியாகப் பேசிவைத்திருந்தோம். பதிவில் நான் எழுதியது ரங்கனின் முகத்தை மட்டும். துண்டுக்குள் நடுவிரல் அழுத்தப்படுகிறது, ரங்கன் கையை இழுக்கிறான், தரகர் விடவில்லை, செவலை அவன் தோளில் மூக்கைத் தேய்க்கிறது. விலை என்ன என்று கடைசிவரை யாருக்கும் சொல்லவில்லை. எழுதி முடித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பள்ளத்தில் விழுந்திருந்தால் இந்தக் காட்சி கிடைத்திருக்காது.

வேலி போட வேண்டிய இன்னொரு இடம் எனக்கு முக்கியம். நீலகிரி கதை என்றதும் புதிதாக வருகிறவர்களில் சிலர் 'மந்திரம் வைக்கும் குறும்பர்' என்று ஒரு பாத்திரத்தோடு வருவார்கள். என்னோடு வேலை பார்க்கிறவர்களில் குறும்பர் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் எதிரில் வாசித்துக்காட்ட முடியாத ஒரு வரி என் கதையில் இருக்க நான் விடமாட்டேன். தோடர், கோத்தர், இருளர், படகர் யாராக இருந்தாலும் அப்படித்தான். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. டிஸ்கார்ட் என்கிற அரட்டைச் செயலியில் எழுதுகிறோம். கதைக்கு ஒரு சேனல், திட்டம் பேச 'டீக்கடை' என்று ஒரு சேனல். இரண்டையும் கலக்கவே கூடாது. அதில் டப்பர்பாக்ஸ் என்கிற தானியங்கி நிரல் (பாட்), நம் கதைப் பாத்திரத்தின் பெயரிலும் படத்திலும் பதிவைப் போட்டுக்கொடுக்கும். டிஸ்கார்டின் இலவசக் கணக்கில் ஒரு பதிவுக்கு 2000 எழுத்துக்குறிதான் அளவு. தமிழில் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். 'கோத்தகிரி' நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, அந்தக் கணக்கில் ஒன்பது. அதனால் தமிழில் ஒரு பதிவுக்கு இருநூறு சொல் சொச்சம்தான் கிடைக்கும். எனக்கு அது போதும், எதிராளியை ரொம்ப நேரம் காக்கவைக்காத அளவு அது.

நேரம் பெரிய பிரச்சினை. எனக்கு ராத்திரி ஒன்பதரை என்றால் டொராண்டோவில் மத்தியானம் 12, சிங்கப்பூரில் நள்ளிரவு 12. நவம்பரில் டொராண்டோ கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்துவிடுவார்கள், எல்லாம் மாறிவிடும். அதே மாதம்தான் எங்களுக்கு மழையும் கரண்ட் கட்டும். அதனால் ஐப்பசி, கார்த்திகையில் என் பாத்திரத்துக்கு முக்கியக் காட்சி எதையும் வைக்கவேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுவேன்.

சொல்லாமல் காணாமல் போகிறவர்கள்தான் ரொம்ப வலிக்கவைப்பார்கள். 2022-ல் ஒரு கதையின் ரகசியம் முழுவதும் ஒருவரின் பாத்திரத்திடம் இருந்தது. அவர் ஒருநாள் போனார், வரவே இல்லை. நல்லபடியாக இருக்கிறாரா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. ஏழு பேரின் நாலு மாத எழுத்து அப்படியே நின்றுபோனது. இப்போது திட்டம் பேசும் முதல் நாளே, 'மூன்று வாரம் சத்தமில்லை என்றால் உங்கள் ஆள் எங்கே போயிருப்பார்' என்று கேட்டு எழுதிவைக்கிறோம். பெரும்பாலும் சொந்த ஊருக்குப் போயிருப்பார். வராதவரின் பாத்திரத்தை மற்றவர்கள் சாகடிக்கமாட்டோம், திரும்பி வந்தால் அவருக்கு இடம் வேண்டும்.

அதிகமாகத் திட்டமிடுவதும் தவறு. ஒருமுறை பதினான்கு காட்சிகளை வசனத்தோடு பேசி முடித்தோம். பேசியபோது இருந்த ஆசை எழுத உட்கார்ந்தபோது இல்லை, பேசியே தீர்த்திருந்தோம். இப்போது இரண்டு காட்சிக்கு மேல் யாரும் யோசிப்பதில்லை.

ரங்கன் கதை இப்போது 1908-க்கு வந்திருக்கிறது. ரயில் ஊட்டி வரை போய்விட்டது. ரங்கனின் மகள் பொன்னி ஸ்டேஷனுக்கு வெளியே இட்லிக் கடை போட்டிருக்கிறாள், கடை ஓரத்தில் அப்பாவின் பழைய வண்டிச் சக்கரம் சாய்ந்திருக்கிறது. அவள் இழக்கப்போவது அந்தச் சக்கரத்தை என்று போன ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் சொன்னேன். தம்பி கொஞ்ச நேரம் கழித்துத் தன்னுடையதை எழுதினார்: "அந்தோணிக்குக் கண் மங்குது அக்கா. கொடி பச்சையோ சிவப்போ எண்டு தெரியேல்ல. இதைப் பொன்னிக்கு எப்ப தெரியப்பண்ணலாம்?"

இரண்டு காட்சி போகட்டும் என்று பதில் போட்டிருக்கிறேன்.